இரண்டாம் கட்டம்

இந்த ஊரின் ஐந்து சம்பளப் பட்டியல்களும்
என் மேசைக்குத்தான் வரும்.
பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், தானியக் கிடங்கு,
சாலையில் பனி தள்ளும் வண்டிகள்,
அக்டோபரில் மட்டும் சர்க்கரை பீட்ரூட் களம்.
யார் வீட்டில் எத்தனை பிள்ளை,
யார் எந்த மாதம் பிரிந்தார்கள்,
எனக்குத் தெரியும்.
தெரிந்ததில் ஒன்றையும் வெளியே சொல்வதற்கில்லை.

வெர்லின் ஸ்டோர்டால் வந்தது
வடக்கு டகோட்டாவில் முதல் உறைபனி விழுந்த அன்று.
களத்தில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை.
பூட்ஸ் புதிது.
வரிப் பிடித்தப் படிவத்தை மேசையில் வைத்து
இல்லாத சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

முதல் கட்டத்தில் பெயர், முகவரி, எண்.
'மணமானவர், சேர்ந்து கணக்குக் காட்டுபவர்':
முப்பத்தொரு வருடப் பழக்கத்தில்
யோசிக்காமல் விழுந்தது டிக்.

இரண்டாம் கட்டத்தில் பேனா நின்றது.
துணைவரும் வேலை செய்கிறாரா என்று கேட்கிறது அது.

"கோரின் கணக்கில்
நான் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறேன்" என்றார்.
"ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள்.
ஏழு மணிக்கு டிபன் பெட்டியோடு கிளம்புவேன்.
பாலத்தடியில் வண்டியை நிறுத்தி ரேடியோ.
கோதுமை விலை இப்போது
கிடங்குக்காரனைவிட எனக்குத்தான் அத்துப்படி."

சம்பளம்?

"மீன்பிடிப் படகை விற்றேன்.
மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில்.
படகு ரிப்பேரில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்."

அறிவுரை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அச்சில் இருப்பதை வாசிக்கலாம், வாசித்தேன்:
வீட்டில் மொத்தம் இரண்டே வேலை என்றால்
இந்தச் சதுரத்தில் டிக் செய்க.
மற்ற வேலையின் படிவத்திலும் அவ்வாறே செய்க.

செய்யாவிட்டால்
இரண்டு முதலாளிகளும் தத்தம் சம்பளத்தில் மட்டுமே
அந்த வீட்டு அடுப்பு எரிகிறதென்று நம்பி
குறைவாகப் பிடிப்பார்கள்.
விட்டதெல்லாம் சேர்ந்து
ஏப்ரலில் வாசலில் வந்து நிற்கும்.

"அவளுக்குச் சொல்லாமல் சரியாக நிரப்ப வழியே இல்லையா?"

இருக்கிறது.
நான்காம் கட்டத்தின் கடைசி வரி:
ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று
ஒரு தொகை எழுதினால் போதும். காரணம் கேட்கமாட்டார்கள்.
அரசாங்கமும் கொல்லைப்புறத்தில்
ஒரு கதவு வைத்துத்தான் வீடு கட்டுகிறது.
அதையும் வாசித்துக் காட்டினேன்.

வாசித்துக் காட்ட முடியாதது
என் முதுகுக்குப் பின்னால், சாம்பல் நிற அலமாரியில்,
மூன்றாம் இழுப்பறையில் இருந்தது.
பள்ளிச் சமையலறை, ஸ்டோர்டால், கோரின்.
மே ஒன்பதாம் தேதி அவரே வந்து
புதிதாக எழுதிக் கொடுத்த படிவம்.
போன வருடம் டிக் இருந்த சதுரம்
அதில் காலி.

முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளிடம்
பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனுஷன்.
சதுரம் காலியானதும் பிடித்தம் குறைந்து
கோரின் கைக்குக் கொஞ்சம் கூடியது.
பாலத்தடிக்குப் போன டிபன் பெட்டி
அந்தப் பணத்தில்தான் நிறைந்திருக்கும்.

நான் ஸ்டேப்ளரில் ஊசி நிரப்பினேன்.
நிறைந்திருந்ததைத் திறந்து மறுபடி நிரப்பினேன்.

பேனா நான்காம் கட்டத்தின் மேல்
வெகுநேரம் நின்றது.
பிறகு மேலேறி
இரண்டாம் கட்டத்துச் சதுரத்தில் இறங்கியது.
அடியிலிருந்த என் நாட்காட்டியிலும்
அந்தத் தடம் இருக்கிறது.

பொய்யுரைத்தால் தண்டனை என்ற வரியின் கீழே கையெழுத்து.
எழுந்தவர் கதவருகே திரும்பினார்.
"அந்த இன்னொரு படிவம்?"
"அவர் கையால்தான் எழுதவேண்டும்."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு கோரின் வந்தார்.
நெற்றியில் தலைவலை பதிந்த கோடு.
உட்காரவில்லை.
வெற்றுப் படிவம் ஒன்று கேட்டு
நின்றவாக்கிலேயே எழுதி
எங்கே டிக் என்று தேடாமல் டிக் செய்து நீட்டினார்.

"ராத்திரி எல்லாம் சொன்னார்" என்றார்,
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.
"படகைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.
யார் வாங்கினார்கள் என்று
உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.
நான் இழுப்பறையைத் திறந்தேன்,
எதையோ தேடுவதுபோல.